அமெரிக்க ஆசிரியர்களின் கல்விக் கடன்: சட்டம் கொடுத்த தள்ளுபடி கைக்கு வராமல் போனது ஏன்?

2018 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித் துறை ஒரு கணக்கை வெளியிட்டது. அரசு வேலையிலோ லாப நோக்கமில்லாத அமைப்புகளிலோ பத்து ஆண்டுகள் பணியாற்றியபடியே தவணை கட்டி வந்தவர்களுக்கு, மீதமிருக்கும் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்று அங்கே உண்டு. அந்த ஆண்டு ஜூன் முடியும் வரை அதற்குச் சுமார் 28,000 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். தள்ளுபடி கிடைத்தது 96 பேருக்கு. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் மற்றவர்களோடு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினார்கள்.

சட்டம் கஞ்சத்தனமாக எழுதப்பட்டிருந்தால் இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் எழுத்தில் அது தாராளமான சட்டம். தள்ளுபடித் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது, தள்ளுபடியான தொகைக்கு மத்திய அரசின் வருமான வரியும் கிடையாது. அப்படியிருந்தும் ஏன் இப்படி ஆனது என்பதைப் பார்த்தால், ஆசிரியர்களுக்கு அமெரிக்கா அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்துவரும் ஒரு வாக்குறுதியின் கதை முழுவதும் தெரிந்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தள்ளுபடி தானமோ சலுகையோ கிடையாது. குறைந்த சம்பளத்துக்கு வேலை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பிறகு தருகிறேன் என்று அரசு தள்ளிவைத்த கூலி அது. அதைத் தராமல் இருப்பது சம்பளப் பாக்கி வைப்பதற்குச் சமம்.

ஓர் ஆசிரியருக்கு ஏன் இவ்வளவு கடன் சேர்கிறது? பள்ளி ஆசிரியராக நான்கு ஆண்டுப் பட்டமும் மாநில அரசின் உரிமமும் வேண்டும். பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் ஒரு பருவம் முழுக்க ஏதாவது ஒரு பள்ளியில் பாடம் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அதற்குச் சம்பளம் கிடையாது, அந்தப் பருவத்துக்கான கல்லூரிக் கட்டணத்தையும் கட்டித்தான் ஆக வேண்டும். நியூயார்க் போன்ற மாநிலங்களில் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள் முதுகலைப் பட்டமும் முடித்தாக வேண்டும். மற்ற பல இடங்களில் அது கட்டாயமில்லை என்றாலும் சம்பள அட்டவணையில் மேலே போக அதுதான் வழி. அதனால் ஏற்கெனவே வாங்கிய கடன் தீரும் முன்பே அடுத்த கடன் வந்து சேர்ந்துவிடுகிறது.

சம்பளம் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. நாடு தழுவிய ஆசிரியர் சங்கமான என்.இ.ஏ.வின் கணக்குப்படி புதிதாகச் சேரும் ஆசிரியரின் சராசரி ஆண்டுச் சம்பளம் 2023-24 கல்வியாண்டில் சுமார் 46,500 டாலர். அதே அளவு படித்து வேறு வேலைகளுக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால் ஆசிரியர்கள் வாரச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக வாங்குகிறார்கள் என்று எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு சமீப ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. கறுப்பின ஆசிரியர்களின் நிலை இன்னும் மோசம். தலைமுறையாகச் சேர்த்த சொத்து குறைவு என்பதால் அவர்கள் படிப்புக்கு வாங்கும் கடன் மற்றவர்களைவிட அதிகம்.

இந்த இடைவெளியைக் கடன் தள்ளுபடியால் நிரப்பலாம் என்ற எண்ணம் 1958-இல் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியிருந்தது. அமெரிக்கா பதறியது. கணக்கும் அறிவியலும் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று அதிபர் ஐசனோவர் காலத்தில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின்கீழ் கடன் வாங்கிப் படித்தவர் அரசுப் பள்ளியில் ஆசிரியரானால், வேலை பார்க்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் கடனில் 10 சதவீதம் கழியும். ஐந்து ஆண்டில் பாதிக் கடன் போய்விடும். 1965-இல் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், முழுக் கடனும் தீரும் வரை என்று விரிவாக்கினார்கள். இந்தக் கடன்தான் பின்னால் பெர்கின்ஸ் கடன் என்று பெயர் மாறியது. அப்போதைய விகிதம் இப்படி: ஏழைப் பகுதிப் பள்ளியில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 15 சதவீதம் வீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 20 சதவீதம் வீதம், ஐந்தாம் ஆண்டில் 30 சதவீதம். ஐந்தாண்டில் கணக்கு முடிந்தது.

இந்தப் பழைய ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தந்த ஆண்டு வேலைக்கு அந்தந்த ஆண்டே கழிவு. மூன்றாம் ஆண்டு முடிவில் குடும்பச் சூழலால் ஒருவர் வேலையை விட்டாலும் அதுவரை கழிந்த 50 சதவீதம் கழிந்ததுதான், யாரும் திருப்பிக் கேட்க முடியாது. பின்னால் வந்த திட்டங்கள் இந்த நியாயத்தைக் கைவிட்டன. முழுக் காலமும் முடித்தால் எல்லாம், ஒரு மாதம் குறைந்தாலும் ஒன்றுமில்லை என்று ஆயிற்று. பெர்கின்ஸ் கடனை நீட்டிக்காமல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விட்டுவிட்டதால் 2017 செப்டம்பரோடு புதுக் கடன் கொடுப்பது நின்றுபோனது.

1998-இல் வந்தது டீச்சர் லோன் ஃபர்கிவ்னஸ் என்ற திட்டம். ஏழை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளின் பட்டியல் ஒன்றைக் கல்வித் துறை வைத்திருக்கிறது. அதில் இருக்கும் பள்ளியில் இடைவெளி இல்லாமல் ஐந்து முழுக் கல்வியாண்டுகள் வேலை பார்த்தால் 5,000 டாலர் தள்ளுபடி. 2004-இல் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கும் மட்டும் அதை 17,500 டாலராக உயர்த்தினார்கள். மற்றவர்களுக்கு 1998-இல் நிர்ணயித்த அதே 5,000 டாலர்தான் இன்றும். இடையில் விலைவாசி கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தருபவரின் உழைப்பு, பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவரின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெறாது என்று சட்டமே சொல்வதுபோல் இருக்கிறது. ஆள் கிடைக்காத பாடத்துக்குக் கூடுதல் கொடுப்பதை ஏற்கலாம். அதற்காக மற்றவர்களின் தொகையை இத்தனை ஆண்டுகள் தொடாமல் வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அப்புறம் 2007. அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று பப்ளிக் சர்வீஸ் லோன் ஃபர்கிவ்னஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் சொன்ன திட்டம் இதுதான், சுருக்கமாக பி.எஸ்.எல்.எஃப். ஆசிரியர்களுக்கென்றே வந்ததில்லை இது, பொதுப்பணியில் இருக்கும் எல்லாருக்கும் உண்டு. பள்ளி ஏழைப் பகுதியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது, எந்த அரசுப் பள்ளியானாலும் சரி. மொத்தம் 120 மாதத் தவணை கட்ட வேண்டும். கட்டும் காலத்தில் முழுநேரமாகப் பொதுப்பணியில் இருக்க வேண்டும். கடன் அரசே நேரடியாகக் கொடுத்த கடனாக இருக்க வேண்டும். தவணையும் அரசு ஏற்கும் முறைகளில் ஒன்றில் இருக்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. சிக்கல் முழுக்கக் கடைசி இரண்டு நிபந்தனைகளில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தனியாக வசிக்கும் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, ஆண்டுச் சம்பளம் 45,000 டாலர், கடன் 30,000 டாலர், வட்டி 5.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பத்தாண்டுத் தவணை முறையில் அவர் மாதம் சுமார் 325 டாலர் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் 120-ஆவது தவணையோடு கடனே முடிந்துவிடும், தள்ளுபடி செய்ய மிச்சம் எதுவும் இருக்காது! வருமானத்தைப் பொறுத்து தவணை நிர்ணயிக்கும் முறைக்கு மாறினால்தான் பலன். அந்த முறைகளில் ஒன்றில், 2025-ஆம் ஆண்டின் வறுமைக்கோட்டு அளவுப்படி ஒன்றரை மடங்கான 23,475 டாலரைச் சம்பளத்திலிருந்து கழித்து, மீதியில் 10 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரிப்பார்கள். மாதம் சுமார் 179 டாலர் வரும். அதில் 137 டாலருக்கு மேல் வட்டிக்கே போய்விடும், அசல் மெல்லத்தான் குறையும். சம்பளம் அதிகம் மாறாமல் இருந்தால் பத்தாண்டு முடிவில் 20,000 டாலருக்கு மேல் பாக்கி நிற்கும். அதுதான் தள்ளுபடியாகும் தொகை.

இதே ஆசிரியை ஐந்தாம் ஆண்டு முடிவில் யாரோ சொன்னார்கள் என்று 5,000 டாலர் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டால்? அந்த ஐந்து ஆண்டுகளை பி.எஸ்.எல்.எஃப். கணக்கில் சேர்க்க முடியாது. ஒரே காலத்தை இரண்டு திட்டங்களுக்கும் காட்டக் கூடாது என்பது விதி. ஆக 120 தவணையின் எண்ணிக்கை ஆறாம் ஆண்டில்தான் தொடங்கும், தள்ளுபடிக்குப் பதினைந்தாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். 5,000 டாலருக்காக ஐந்து ஆண்டுகளை விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும். கடன் அதிகமாக உள்ள ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு இது பெரிய இழப்பு. 17,500 கிடைக்கக்கூடிய, கடனும் அந்த அளவிலேயே உள்ள கணக்கு ஆசிரியருக்கோ முதல் திட்டமே லாபம். இந்தக் கணக்கை இருபத்திரண்டு வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒருவர் போட்டு முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு.

கடனின் வகைதான் இன்னும் பெரிய குழி. 2010 வரை கல்விக் கடனில் பெரும் பகுதியை வங்கிகள் கொடுத்தன, அரசு உத்தரவாதம் மட்டும் அளித்தது. அந்த வகைக் கடன் பி.எஸ்.எல்.எஃப். திட்டத்துக்குச் செல்லாது. அதை அரசின் நேரடிக் கடனாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றிய நாளிலிருந்து எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். கடன் கணக்குகளைப் பராமரிக்கும் வேலையை அரசு தனி நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. "நான் ஆசிரியர், எனக்குத் தள்ளுபடி உண்டா?" என்று போன் செய்து கேட்டவர்களுக்கு, "உண்டு, கட்டிக்கொண்டே வாருங்கள்" என்று பதில் கிடைத்ததாகவும், எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து ஒரு தவணைகூடக் கணக்கில் ஏறவில்லை என்று தெரிந்ததாகவும் புகார்கள் குவிந்தன. தவணை முழுத் தொகையாக இருக்க வேண்டும், கெடு முடிந்து 15 நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. முன்கூட்டியே கொஞ்சம் அதிகமாகக் கட்டினாலும் சிக்கல்: அடுத்த மாதத் தவணை ஏற்கெனவே கட்டப்பட்டதாகப் பதிவாகி, அந்த மாதம் எண்ணிக்கையில் சேராமல் போகும். பொறுப்பாக இருந்தவர்களுக்கே தண்டனை.

96 பேர் என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்தது இதுதான். அந்த எண் வெளியாகும் முன்பே, 2018-இன் தொடக்கத்தில், தவறான தவணை முறையில் கட்டியவர்களுக்கு உதவ அமெரிக்க காங்கிரஸ் 350 மில்லியன் டாலர் ஒதுக்கியிருந்தது. அதிலும் முதல் ஆண்டில் வந்த 54,184 கோரிக்கைகளில் 661 மட்டுமே ஏற்கப்பட்டன என்று காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. கண்டறிந்தது. நிராகரித்ததற்கு முக்கியக் காரணம் என்ன தெரியுமா? உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன், தகுதி இல்லை என்று தெரிந்திருந்தும் மூலத் திட்டத்துக்கு முதலில் விண்ணப்பித்திருக்க வேண்டுமாம். பத்தில் ஏழு கோரிக்கைகள் அந்த ஒரு காரணத்தாலேயே தள்ளப்பட்டன. மனு கொடுத்தவர்களின் தவறு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2019 ஜூலையில் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பும் அதன் தலைவர் ராண்டி வைன்கார்ட்டனும் அப்போதைய கல்வி அமைச்சர் பெட்ஸி டிவோஸ் மீது வழக்குப் போட்டார்கள். 2021 அக்டோபரில், ஆட்சி மாறிய பிறகு, வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே மாதம் கல்வித் துறை தற்காலிகத் தளர்வு ஒன்றை அறிவித்தது. எந்த வகைக் கடன், எந்தத் தவணை முறை, ஒரு நாள் தாமதமா என்றெல்லாம் பார்க்காமல், பொதுப்பணியில் இருந்த காலத்தில் கட்டிய பழைய தவணைகளைக் கணக்கில் சேர்த்தார்கள். ஓராண்டு வாய்ப்பு, 2022 அக்டோபர் 31 கடைசி நாள். விளைவு உடனே தெரிந்தது. 2024 அக்டோபருக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுப்பணியாளர்களுக்கு இந்தத் திட்டத்தில் தள்ளுபடி கிடைத்திருந்தது, தொகை சுமார் 74 பில்லியன் டாலர். முன்பு கிடைத்தவர்கள் ஏழாயிரம் பேர்தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மக்களின் தகுதி இடையில் மாறவில்லை, அலுவலகம் பார்க்கும் விதம் மாறியது.

டீச் கிராண்ட் விஷயம் இன்னும் வேதனையானது. இது மானியம். ஆசிரியராகப் படிக்கும் மாணவருக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை கிடைக்கும். படித்து முடித்த எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள் ஏழைப் பகுதிப் பள்ளியில், ஆள் தட்டுப்பாடுள்ள பாடத்தை நடத்துவேன் என்று ஒப்பந்தம் போட வேண்டும். அதோடு முன்பு ஒவ்வொரு ஆண்டும் நான் அந்த வழியில்தான் இருக்கிறேன் என்று ஒரு படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. படிவம் சில நாள் தாமதமானாலோ ஒரு கையெழுத்து விட்டுப்போனாலோ மானியம் கடனாக மாறிவிட்டது, அதுவும் பணம் கொடுத்த முதல் நாளிலிருந்து வட்டி சேர்த்து. ஏழைக் குழந்தைகளுக்கு அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கே இப்படி நடந்தது. மேல்முறையீடு செய்தாலும் மாறிய கடன் மறுபடி மானியமாகாது என்றார்கள். 2018-இல் என்.பி.ஆர். வானொலி இதைத் தொடர்ந்து வெளிக்கொண்டுவந்த பிறகுதான், அந்த ஆண்டு இறுதியில் கல்வித் துறை இறங்கிவந்தது. வேலை பார்த்ததை நிரூபித்தவர்களின் கடன் மறுபடி மானியமாக்கப்பட்டது. 2021-இல் விதிகளும் தளர்ந்தன.

சரி, இந்தத் திட்டங்கள் இருப்பதால் ஆசிரியர்கள் பள்ளியில் நிற்கிறார்களா? பொருளாதார ஆய்வாளர்கள் பிரையன் ஜேக்கப், டேமன் ஜோன்ஸ், பெஞ்சமின் கீஸ் மூவரும் 1998-ஆம் ஆண்டுத் திட்டத்தை ஆராய்ந்தார்கள். ஏழைப் பகுதிப் பள்ளியில் சேர்வதிலோ நீடிப்பதிலோ அது எந்த மாற்றத்தையும் உண்டாக்கியதாகத் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. திட்டம் பலருக்குத் தெரியவே இல்லை, தெரிந்தவர்களுக்கும் படிவ வேலை தடையாக இருந்தது. இன்னொரு பக்கம், ஃபுளோரிடா மாநிலம் ஆள் தட்டுப்பாடுள்ள பாடங்களின் ஆசிரியர்களுக்கு ஒரு தள்ளுபடித் திட்டம் வைத்திருந்தது. அதை ஆராய்ந்த லி ஃபெங்கும் டிம் சாஸும் வேலையை விட்டுப் போவோர் குறைந்ததைக் கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது, பணம் வேலை செய்கிறது, ஆனால் அது வரும் என்று ஆசிரியர் நம்ப வேண்டும். ஐந்தாண்டு கழித்து வரலாம் வராமலும் போகலாம் என்ற பணத்தை நம்பி யாரும் பள்ளியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

தள்ளுபடியை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் யோசிக்க வேண்டியது உண்டு. கல்லூரிக்கே போகாத தொழிலாளியின் வரிப்பணத்தில் படித்தவரின் கடனை அடைப்பது சரியா, கல்லூரிகள் இதைச் சாக்காக வைத்துக் கட்டணத்தை ஏற்றாதா, அதற்குப் பதில் சம்பளத்தை நேராக உயர்த்தலாமே என்கிறார்கள். கடைசிக் கேள்வியோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். சம்பளத்தை உயர்த்துவதுதான் நேர்வழி. ஆனால் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலமும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமும் தீர்மானிப்பது, உள்ளூர்ச் சொத்து வரியைப் பெரிதும் சார்ந்தது. ஏழை ஊரில் வரி வசூலும் குறைவு. மத்திய அரசு எட்டித் தொடக்கூடிய இடம் கல்விக் கடன்தான், அதனால்தான் 1958 முதல் அந்த வழியைப் பிடித்திருக்கிறார்கள். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது பைடன் அறிவித்த பொதுவான தள்ளுபடியைத்தான். அந்தத் தீர்ப்பு ஆசிரியர் திட்டங்களைத் தொடவில்லை. இவை காங்கிரஸ் இயற்றிய சட்டங்கள், கடன் பத்திரத்திலேயே எழுதப்பட்டவை.

அதற்காக இவை நிரந்தரம் என்று சொல்லிவிட முடியாது. சேவ் என்ற மலிவான தவணை முறையில் சேர்ந்திருந்த லட்சக்கணக்கானவர்களின் கணக்கு, அதற்கு எதிரான வழக்கால் 2024 கோடையில் நிறுத்திவைக்கப்பட்டது. தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், ஆனால் அந்த மாதங்கள் 120-இல் சேராது. 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம் பழைய தவணை முறைகளில் பலவற்றை ஒழித்து, 2026 ஜூலை 1 முதல் ராப் (RAP) என்ற புது முறையைக் கொண்டுவந்தது. நாம் மேலே பார்த்த ஆசிரியைக்கு அதில் மாதம் 150 டாலர் வரும், பி.எஸ்.எல்.எஃப். எண்ணிக்கைக்கும் அது செல்லும். 2025 அக்டோபரில் வந்த இன்னொரு விதிதான் கவலைக்குரியது. "சட்டவிரோத நோக்கம்" கணிசமாக உள்ளதாகக் கல்வி அமைச்சர் கருதும் நிறுவனத்தைத் திட்டத்திலிருந்து நீக்கலாம் என்கிறது அது. பல மாநிலங்களும் நகரங்களும் தொழிற்சங்கங்களும் இதை எதிர்த்து நீதிமன்றம் போயின. வேலை கொடுத்த அமைப்போடு வாஷிங்டனுக்கு அரசியல் சண்டை வந்தால், அங்கே எட்டு ஆண்டுகள் பாடம் எடுத்தவர் என்ன செய்வார்?

அமெரிக்க அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் மூன்று விஷயங்களை முதல் ஆண்டே பார்க்கச் சொல்லுங்கள்: கடன் நேரடிக் கடன்தானா, தவணை வருமானத்தைப் பொறுத்த முறையில் இருக்கிறதா, வேலைச் சான்று படிவம் ஒவ்வொரு ஆண்டும் பதிவாகிறதா. பத்தாம் ஆண்டு வரை காத்திருந்து மொத்தமாக அனுப்பலாம் என்று விட்டவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் இந்தச் சுமையை ஆசிரியர் தலையில் வைத்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நிரந்தரமாக உடல்நலம் குன்றியவர்களின் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் பல ஆண்டுகள் படிவத்திலேயே சிக்கிக் கிடந்தது. 2021 ஆகஸ்டில் கல்வித் துறை, சமூகப் பாதுகாப்புத் துறையின் பதிவேட்டை வாங்கித் தன் கடன் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிவெடுத்தது. விண்ணப்பமே இல்லாமல் மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சுமார் 5.8 பில்லியன் டாலர் கடன் தள்ளுபடியானது. எந்த ஆசிரியர் எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டுகளாக வேலை பார்க்கிறார் என்பது ஒவ்வொரு மாநிலத்தின் சம்பளப் பட்டியலிலும் ஓய்வூதியக் கணக்கிலும் பதிவாகியிருக்கிறது. எந்தப் பள்ளி ஏழைப் பகுதிப் பள்ளி என்ற பட்டியலும் கல்வித் துறையிடமே இருக்கிறது. கடன் கணக்கும் அதனிடம்தான் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடச் சொல்லித்தான் ஆசிரியர்கள் இப்போது கேட்க வேண்டும், காங்கிரஸும் அதற்கு உத்தரவிட வேண்டும்.